அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் கையால் செய்து பார்ப்பதால் பாடம் ஏறுமா?

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போக நினைக்கிறீர்கள். அங்கே பானை ஓடு பார்ப்பது, அகழாய்வுக் குழி தோண்டுவது, கல்வெட்டு எழுத்தை மையால் தாளில் படியெடுக்கும் மைப்படி எடுப்பது என்று செய்து பார்க்கும் வகுப்பும் நடத்துகிறார்கள். "ஒரு நாள் பாடம் போகிறது, பஸ் வாடகை வேறு, சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் போதாதா" என்று தலைமையாசிரியர் கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது என்பது உங்கள் கேள்வி. கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று பார்ப்பதிலும் புத்தகத்தில் படிப்பதிலும் கிடைக்காத ஏதாவது கைவேலையில் கிடைக்கிறதா, கிடைத்தால் அது ஒரு பள்ளி நாளுக்கு ஈடாகுமா என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். பள்ளிகளுக்கான அருங்காட்சியக வகுப்புகளைப் பல ஆண்டுகளாக வடிவமைத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிடைக்கிறது. ஆனால் வகுப்பு எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்தே கிடைக்கிறது. பல இடங்களில் நடப்பது பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தருகிறது, அதற்குமேல் எதுவும் தருவதில்லை.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்தின் பென்டன்வில் ஊரில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. அங்கே போக இடத்துக்கு மீறிப் பள்ளிகள் விண்ணப்பித்ததால் குலுக்கலில் தேர்ந்தெடுத்தார்கள். போன பிள்ளைகளையும் போகக் காத்திருந்த பிள்ளைகளையும் ஒப்பிட அது நல்ல வாய்ப்பாயிற்று. 123 பள்ளிகள், ஏறத்தாழ 11,000 மாணவர்கள். சுற்று ஒரு மணி நேரம்தான், அதில் ஐந்து ஓவியங்கள் அளவில்தான் பார்த்தார்கள், பேசியது பெரும்பாலும் பிள்ளைகள். சில வாரங்கள் கழித்து, அவர்கள் அதுவரை பார்த்திராத ஓர் ஓவியத்தைக் காட்டி எழுதச் சொன்னபோது, போய்வந்தவர்கள் அதை இன்னும் கூர்ந்து பார்த்து, கண்டதைக் காரணமாக வைத்து எழுதினார்கள். சராசரிப் பயன் சிறியதுதான். கிராமத்துப் பள்ளிகளிலும் ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளிலும் அது கணிசமாகக் கூடியிருந்தது. விவரங்களும் மறந்துபோகவில்லை. மேப்பிள் மரப் பாகு காய்ச்சுவதைக் காட்டும் ஓவியம் ஒன்றைப் பார்த்த பிள்ளைகளில் 88 சதவீதம் பேர், அடிமை முறையை எதிர்த்தவர்கள் அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக அந்தப் பாகைச் செய்தார்கள் என்று வாரக்கணக்கில் கழித்தும் நினைவு வைத்திருந்தார்கள். உங்கள் தலைமையாசிரியரிடம் காட்ட இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆய்வு எதைக் காட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது பொருளைப் பார்த்துப் பேசியதன் பயனை அளந்தது, தொட்டுச் செய்ததன் பயனை அல்ல. மதிப்பெண் கூடும் என்றும் அது சொல்லவில்லை. அப்படி யாராவது உங்களிடம் வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். இன்னொன்று, "சில குழந்தைகள் கையால்தான் கற்பார்கள், சிலர் கண்ணால், சிலர் காதால்" என்று ஆசிரியப் பயிற்சிகளில் அடிக்கடி சொல்லப்படுகிறதே, அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. 2008ல் அமெரிக்க உளவியலாளர்கள் நால்வர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இந்த முடிவுக்குத்தான் வந்தார்கள். கைவேலையை அந்தக் காரணம் சொல்லி நியாயப்படுத்த வேண்டியதில்லை, அதைவிட எளிய காரணம் இருக்கிறது. சில கேள்விகளுக்குக் கையை வைத்தால்தான் விடை தெரியும். அத்தகைய கேள்வி ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து, அவன் கையாலேயே ஒரு முடிவுக்கு வரச் செய்யும் வகுப்பு பயனுள்ளது. முடிவெடுக்க எதுவுமே இல்லாமல் வெறுமனே தொடவிடும் வகுப்பு பொழுதுபோக்கு.

பானை ஓட்டை எடுத்துக்கொள்வோம். கீழடிக்கு அருகில் கொந்தகையில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்திலோ சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலோ பிள்ளைகள் ஓடுகளைப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் கண்ணுக்கு எல்லாம் உடைந்த மண். அதே பிள்ளையிடம் ஒரு விளிம்புத் துண்டைக் கொடுத்து, "இந்தப் பானையின் வாய் எவ்வளவு அகலம்?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு அகழாய்வாளர்கள் வைத்திருக்கும் அளவுத்தாளை நீங்களே செய்துவிடலாம். ஒரு சார்ட் தாளில் ஒரே மையத்திலிருந்து 4 செ.மீ. ஆரத்தில் தொடங்கி 15 செ.மீ. வரை ஒவ்வொரு செ.மீ.க்கும் ஓர் அரைவட்டம் போடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் விட்டத்தை எழுதுங்கள்: 8, 10, 12 என்று 30 வரை. மையத்திலிருந்து 18 பாகைக்கு ஒரு கோடு இழுங்கள், ஒவ்வொரு இடைவெளியும் முழு வட்டத்தில் 5 சதவீதம். ஓட்டின் விளிம்பைத் தலைகீழாகத் தாளில் நிறுத்தி, எந்த வளைவோடு வெளி ஓரம் ஒட்டி வருகிறது என்று நகர்த்திப் பார்க்க வேண்டும்.

இங்கே எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஓட்டைப் படுக்க வைத்துவிடுவார்கள், அல்லது உடைந்த பக்கத்தைத் தாளில் ஊன்றுவார்கள். விரிந்த வாயுள்ள பானையின் ஓடு சாய்வாகத்தான் நிற்கும். கண்ணைத் தாள் மட்டத்துக்குக் கொண்டுவந்து, விளிம்புக்கும் தாளுக்கும் நடுவே வெளிச்சம் துளியும் தெரியாதவரை ஓட்டைச் சாய்த்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். வெளிச்சம் மறைந்த அந்தச் சாய்வுதான் அது பானையாக இருந்தபோது நின்ற சாய்வு. அது பிடிபட்டதும் இல்லாத பானையின் கழுத்தையும் வயிற்றையும் பிள்ளைகள் மற்றக் கையால் காற்றிலேயே வரைந்து காட்டுவார்கள். ஒரே ஓட்டை மூன்று பேர் தனித்தனியாக அளந்து, சொல்லாமல் எழுதி வைக்கட்டும். 18, 20, 22 என்று வரும். ஏன் வேறுபடுகிறது, எந்த எண்ணைப் பதிவது, எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்று பத்து நிமிடம் விவாதம் போனால் அது வரலாற்றுப் பாடமும் கணக்குப் பாடமும் சேர்ந்ததுதான். துண்டு சிறிதாக இருந்தால் அளவு நம்பத்தகாதது. 20 செ.மீ. வாயுள்ள பானையில் 5 சதவீத விளிம்பு 3 செ.மீ. நீளம்தான் வரும், அதில் வளைவே தெரியாது. 6 செ.மீ.க்குக் குறையாத விளிம்புத் துண்டுகளாகப் பொறுக்கி வையுங்கள்.

பிறகு உட்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவச் சொல்லுங்கள். சக்கரத்தில் வனைந்ததில் இணையான மெல்லிய வரிகள் விரலில் தட்டும், கையால் தட்டிச் செய்ததில் மேடு பள்ளம் ஒழுங்கில்லாமல் இருக்கும். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது. பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை பலமுறை குழுவுக்கே வழிகாட்டியாகிவிடுவது இந்த வேலையில்தான். வெளியே கரி படிந்திருக்கிறதா, உள்ளே படிந்திருக்கிறதா, வாய் அகலமா குறுகலா என்பதையும் சேர்த்து, சமையல் சட்டியா தண்ணீர்ப் பானையா என்று குழு முடிவு சொல்ல வேண்டும். முடிவுக்கு எதிரே "நிச்சயம்", "இருக்கலாம்", "தெரியவில்லை" என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான கறுப்பு-சிவப்பு ஓடு பற்றிப் பேச்சு வந்தால் அங்கேயும் இந்தப் பிரிவினையைக் காட்டலாம். மண்ணில் உள்ள இரும்பு, காற்று கிடைக்கும் இடத்தில் சிவக்கிறது, காற்று அடைபட்ட இடத்தில் கரியும் சேர்ந்து கறுக்கிறது, இது நிச்சயம். பானையைக் கவிழ்த்து வைத்து ஒரே சூளையில் சுட்டார்களா, இரண்டு முறை சுட்டார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை.

ஓடுகளுக்காகப் பழைய மேட்டில் பொறுக்கப் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். எங்கே, எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி இல்லாமல் எடுத்துவந்த ஓடு ஆய்வுக்குச் செத்தது, பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்தால் சட்டப்படியும் குற்றம். குயவரிடம் வெவ்வேறு வாய் அகலத்தில் ஆறு பானை வாங்குங்கள், அவற்றில் ஒன்று சக்கரமில்லாமல் செய்ததாக இருக்கட்டும். இரண்டை விறகு அடுப்பில் சில தடவை ஏற்றிக் கரி பிடிக்க வையுங்கள். பிறகு கோணிக்குள் போட்டு மரச் சுத்தியலால் உடைத்து, கூர்மையான ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். தேய்க்கும்போது விளிம்பின் மேல்முனையை மட்டும் தொடாதீர்கள், தேய்ந்தால் அளவுத்தாளில் அது சரியாக நிற்காது.

அகழாய்வுக் குழிதான் அதிகம் கெட்டுப்போகும் வகுப்பு. மணலில் பொம்மையும் காசும் புதைத்து வைத்துத் தோண்டச் சொன்னால் அது புதையல் வேட்டை. யார் முதலில் எடுப்பது என்ற போட்டியில் அடுக்கு, ஆழம், அருகே என்ன கிடந்தது எல்லாம் அழிந்துபோகும், அகழாய்வுக்கு நேர் எதிரான பழக்கம் பிள்ளை கையில் ஏறும். இதைச் சரியாகச் செய்ய, 1 மீட்டர் சதுரத்தில் மூன்று அடுக்கு போடுங்கள்: அடியில் செம்மண், நடுவே சாம்பல் கலந்த மண், மேலே ஆற்று மணல், ஒவ்வொன்றும் 10 செ.மீ. பலகைப் பெட்டி வேண்டாம். மொத்தம் 450 கிலோவுக்கு மேல் வரும், பலகை வயிறு தள்ளிப் பிளந்துவிடும். தரையில் செங்கல் அடுக்கிக் கட்டுவதே நல்லது. நூல் கட்டி நான்கு கால்சதுரமாகப் பிரித்து, ஒரு கால்சதுரத்துக்கு மூவர்: ஒருவர் கரண்டியும் பிரஷும், ஒருவர் டேப்பும் கட்டத்தாளும், ஒருவர் சல்லடை. ஓர் அடுக்கு முழுவதும் எடுத்து முடித்துப் பதிந்தபின்தான் அடுத்த அடுக்கு. கண்ட பொருளைப் பிடுங்கக் கூடாது. சுற்றிலும் மண்ணை எடுத்து, கிடந்த நிலையிலேயே வரைந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் குழிக்கு உயிர் கொடுப்பது ஆண்டு பொறித்த நாணயம். நடு அடுக்கில் 1998 என்று போட்ட நாணயம் ஒன்றை வையுங்கள். "இந்த அடுக்கு எப்போது உண்டானது?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் 1998 என்பார்கள். அந்த நாணயத்தைக் கையில் கொடுத்து, "உன் சட்டைப்பையில் இப்போது 1998 காசு இருந்தால் அது இன்றைக்கு இங்கே விழ முடியாதா?" என்று கேளுங்கள். 1998க்கு முன் இந்த அடுக்கு மூடியிருக்க முடியாது, பின்னால் எப்போது வேண்டுமானாலும் மூடியிருக்கலாம் என்ற முடிவுக்கு அவர்களே வருவார்கள். அடுத்து இன்னொரு கால்சதுரத்தில், மேலிருந்து அடி அடுக்குவரை ஒரு சிறு குழி வெட்டி, 2011க்குப் பிறகு வந்த ரூபாய்க் குறி போட்ட நாணயத்தை உள்ளே போட்டு, மேல் அடுக்கின் மணலாலேயே மூடி வையுங்கள். அடி அடுக்கில் புதுக் காசு எப்படி வந்தது என்று குழப்பம் வரும். மண்ணின் நிறத்தைக் கவனித்துப் பதிந்த குழு கண்டுபிடித்துவிடும், அவசரமாகத் தோண்டிய குழுவால் முடியாது. கீழடியில் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று வந்த கரிமக் காலக்கணிப்பு பற்றிச் செய்திகளில் அடிக்கடி வாதம் எழுகிறதல்லவா, அதில் ஒரு பகுதி எந்தப் பொருள் எந்த அடுக்கோடு சேர்ந்தது என்பதைப் பற்றியதுதான். குழியில் இதைச் செய்து பார்த்த பிள்ளை அந்தச் செய்தியைப் புரிந்து படிக்கும்.

மைப்படி எடுப்பது மூன்றாவது. உண்மையான கல்வெட்டில் பள்ளிப் பிள்ளைகளை ஒருபோதும் விடக் கூடாது, மை கல்லில் இறங்கினால் போகாது. கல்தச்சரிடம் சொல்லி 30 செ.மீ.க்கு 20 செ.மீ. பலகைக் கல்லில் மூன்று வரி வெட்டி வாங்குங்கள். 40 பேருக்கு ஐந்து கல் போதும். கல்லைக் கழுவி, தண்ணீரில் நனைத்த கனமான வெள்ளைத் தாளை அதன்மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழ் போகத் தள்ளிவிட்டு, பிரஷால் செங்குத்தாகத் தட்ட வேண்டும். தேய்த்தால் தாள் கிழியும். எழுத்தின் பள்ளத்தில் தாள் இறங்கியபின் பொறுமை தேவை. விரலின் பின்பக்கத்தை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் ஈரம் ஒட்டக் கூடாது, அப்போதுதான் மை. விளக்குக் கரியைப் பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்து, துணிப்பந்தில் தொட்டு, முதலில் வேண்டாத தாளில் நான்கைந்து தடவை ஒற்றிவிட்டுப் பிறகு கல்மேல் ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமிருந்தால் மை பரவி எழுத்து மங்கும்; காய்ந்துவிட்டால் தாள் பள்ளத்திலிருந்து எழும்பி எழுத்தே தெரியாது. பெரும்பாலும் கெடுவது முதல் காரணத்தால்தான், பிள்ளைகளுக்குக் காத்திருக்க முடியாது. அந்த இடைவெளியில் எழுத்து அட்டவணையைக் கொடுத்துப் படிக்கப் பழக்கினால் இரண்டும் நடக்கும்.

கருப்பில் வெள்ளையாக எழுத்து எழுந்ததும் வகுப்பு முடிந்துவிட்டதென்று தாளைச் சுருட்டிக் கொடுத்து அனுப்புகிறார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. "கொபபரகெசரி" என்று வெட்டியிருப்பதைக் "கோப்பரகேசரி" (சோழ அரசர் பட்டம்) என்று படிக்க வேண்டும் என்பதைப் பிள்ளை அடுத்தடுத்த சொற்களைப் பார்த்துத் தானே தீர்மானிக்கட்டும். எனவே மாதிரிக் கல்லை வெட்டச் சொல்லும்போது புள்ளியும் இரட்டைக் கொம்பும் போடக் கூடாது என்று தச்சரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவர் நல்லெண்ணத்தில் இன்றைய முறைப்படி திருத்தி வெட்டிவிட்டால் பாடத்தின் பாதி போய்விடும். ஓலையில் எழுத்தாணியால் எழுதும் வகுப்பு இருந்தால் அதையும் இதோடு இணைக்கலாம். புள்ளி வைத்தால் ஓலை ஓட்டையாகும் என்பதால் விட்டார்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பிள்ளைகள் ஓலையில் குத்திப் பார்க்கட்டும். பிறகு, "அப்படியானால் கல்லில் ஏன் வைக்கவில்லை?" என்று கேளுங்கள். ஓலை எழுத்துப் பழக்கம் கல்லுக்கும் வந்திருக்கலாம். அந்த விளக்கம் பொருத்தமாகத் தோன்றுகிறதே தவிர நிரூபணமானதல்ல.

பானை வனையும் சக்கரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 40 பேர் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு நிமிடம், அதிலும் கை குயவருடையது. அதற்குப் பதில் ஆளுக்குக் கால் கிலோ பிசைந்த களிமண் கொடுத்துக் கையாலேயே கிண்ணம் செய்யச் சொன்னால், சுவர் ஏன் சரிகிறது, ஏன் வெடிக்கிறது என்பதை எல்லோரும் கையாலேயே தெரிந்துகொள்வார்கள்.

போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். புது இடத்தில் பிள்ளைகளின் கவனம் பாடத்தில் நிற்பதில்லை, இடத்தைச் சுற்றிப் பார்ப்பதிலேயே போய்விடுகிறது என்பது 1970களிலேயே ஃபாக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் காட்டியது. எனவே பாடத்தை முன்கூட்டியே நடத்துவதைவிட, எந்த வாசலில் இறங்குவோம், பையை எங்கே வைப்போம், கழிவறை எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பாடு, கடையில் ஏதாவது வாங்கலாமா என்பதைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் மனதில் ஓடுவது அதுதான், அது தீர்ந்தால்தான் ஓட்டின்மேல் கண் நிற்கும். அன்றைக்கு எல்லாக் கூடத்தையும் சுற்றாதீர்கள். இரண்டு கூடம், ஒரே கைவேலை போதும். 40 பேரை ஐந்தைந்தாக எட்டுக் குழுவாக்கி, இரண்டு குழுவுக்கு ஒரு பெரியவர். செய்ய 40 நிமிடம் என்றால் செய்ததைப் பற்றிப் பேச 20 நிமிடம் கட்டாயம். நேரம் போதாமல் போகும்போது எல்லா இடத்திலும் முதலில் வெட்டுப்படுவது இந்த 20 நிமிடம்தான். கைவேலையை வேண்டுமானால் பத்து நிமிடம் குறையுங்கள், பேச்சைக் குறைக்காதீர்கள்.

செல்போன் பற்றியும் ஒன்று. 2014ல் வெளியான ஓர் ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் எடுத்தவர்கள் வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாக நினைவு வைத்திருந்தார்கள். பொருளின் ஒரு பகுதியை நெருக்கமாகப் பெரிதாக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதே அளவு பொருந்தும் என்று சொல்ல முடியாது. என்றாலும் பென்சிலும் தாளும் கொடுத்து ஒரே பொருளைப் பத்து நிமிடம் வரையச் சொல்வதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

அருங்காட்சியகம் மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்தால், உண்மையாகவே தலைமையாசிரியர் பக்கம் நியாயம் இருக்கிறது. களைத்துப்போன பிள்ளைகளுக்கு அங்கே கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அந்த நிலையில் பானை ஓடு வகுப்பையும் நாணயக் குழியையும் பள்ளி வளாகத்திலேயே நடத்துங்கள், அருங்காட்சியகத்திலிருந்து ஒரு கல்வி அலுவலரை அழைக்க முடியுமா என்று கேளுங்கள். பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகம் 1960களிலேயே பொருள்களைப் பெட்டியில் வைத்துப் பள்ளிகளுக்குக் கடனாக அனுப்பியது. நம் மாவட்ட அருங்காட்சியகங்களிடமும் இதைக் கேட்டு எழுதலாம். எண்பது ஓடு, எட்டு அளவுத்தாள், எட்டு உருப்பெருக்கி வைத்தால் ஒரு பெட்டி ஆயிற்று. ஆனால் உண்மையான பழம்பொருளை நேரில் கண்ட வியப்பு பெட்டியில் வராது. பள்ளியில் கைவேலையைச் செய்துவிட்டு, அடுத்த பருவத்தில் போய்ப் பார்த்தால் அதே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகள் நிற்கும் நேரமே மாறியிருக்கும்.

பயன் கிடைத்ததா என்று அறியத் தேர்வு வைக்காதீர்கள். போவதற்கு முன் அவர்கள் பார்த்திராத ஒரு பொருளின் படத்தைக் காட்டி, "என்ன தெரிகிறது, அதிலிருந்து என்ன சொல்லலாம், எவ்வளவு உறுதி" என்று மூன்றே கேள்விக்கு எழுதச் சொல்லி வாங்கி வையுங்கள். போய்வந்து மூன்று வாரம் கழித்து வேறொரு பொருளைக் காட்டி அதே மூன்று கேள்வி. முடிந்தால் போகாத பிரிவிடமும் வாங்குங்கள், அப்போதுதான் இடையில் மற்ற வகுப்புகளால் வந்த முன்னேற்றம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். பெயரை மறைத்து, இன்னோர் ஆசிரியரைத் திருத்தச் சொல்லுங்கள். அவர் எண்ண வேண்டியது "ஏனென்றால்" என்று காரணம் காட்டிய வரிகளையும், "இருக்கலாம்", "இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது" என்று அளந்து எழுதிய வரிகளையும். ஒரு வகுப்பை வைத்துப் பெரிய முடிவு எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு கட்டுத் தாள்களைத் தலைமையாசிரியரின் மேசையில் வைத்தால், அடுத்த ஆண்டுக்கான பஸ் வாடகையைப் பற்றி அவரோடு ஆதாரத்தோடு பேசலாம்.